கம்ப்யூட்டரில் கட்டிய கல்லறை மதில்

1999 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. காரைக்குடியில் விடாத தூறல். மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வந்தவன், குடையை விரிக்கத் தோன்றாமல் படியிலேயே நின்றேன். என் மனைவியின் இதயம் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலி வரை வரலாம். ரயில் கூடாது, பஸ் கூடாது, வாடகைக் காரும் கூடாது. சிவகங்கைச் சாலையின் குலுக்கலைத் தனியாகக் குறிப்பிட்டு எச்சரித்தார். கல்லறைத் திருநாளுக்குப் பதினான்கு நாள் இருந்தது.

எங்களுக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்தது. பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்ற வழக்கப்படி சிவகங்கையில் பிறந்தாள். நாற்பத்தொரு நாள் இருந்தாள். அங்கேயே அடக்கம் செய்தோம். அது 1961. கல்லல் பக்கமிருந்து ரயிலில் போனால், சிவகங்கை ஸ்டேஷனுக்கு முன்பு, தண்டவாளத்தை ஒட்டி இடது பக்கம் அந்தக் கல்லறைத் தோட்டம் வரும். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் என் மனைவி மெழுகுதிரியும் பூவும் எடுத்துக்கொண்டு ரயிலேறுவாள். இடது ஜன்னல்தான் வேண்டும். மதில் தொடங்கும்போது எழுந்து நிற்பாள், முடியும்போது உட்காருவாள். முப்பத்தெட்டு முறை போயிருக்கிறோம். ஒன்றுகூடத் தவறியதில்லை.

கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

“போகக் கூடாதுன்னு அவரு சொன்னாராக்கும்? அவரா டிக்கெட் எடுக்குறாரு?”

“வழியிலேயே மூச்சு நின்னுரும்னு சொல்றாரு.”

“நிக்கட்டும். ரயிலு நிக்காமப் போனாச் சரி.”

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. சாப்பாட்டைத்தான் குறைத்தாள். ஏழு கரண்டிக் கஞ்சி நான்காகி, பிறகு இரண்டானது. மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நான் திரும்பியதும் துப்பினாள். கட்டிலுக்கடியில் பெருக்கியபோது பதினொரு மாத்திரைகள் கிடந்தன. பக்கத்து வீட்டு டீச்சர், கல்லறையைப் போட்டோ எடுத்து வந்து காட்டலாமே என்று யோசனை சொன்னார்.

“செத்தவுகளத்தான் படம் புடிச்சு மாட்டுவாக. எனக்குப் படம் வேணாம். நான் போகணும்” என்றாள்.

அந்த நிலையில்தான் மருத்துவச் செலவு பற்றிய கடிதம் ஒன்றை டைப் அடிக்க எங்கள் தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அதை நடத்தியவர் தச்சர் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். பகலில் டைப்பிங் வகுப்பு, ஜாதகம் அச்சடிப்பது. ஆள் இல்லாத நேரத்தில் ரயில் ஓட்டுவார். ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யில் இருந்த விளையாட்டு அது. வெளிநாட்டில் யாரோ எழுதி, இலவசமாக விட்டிருந்தார்கள். எஞ்சின் டிரைவரின் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் தெரியும். கீபோர்டின் இரண்டு சாவியில் வேகம், ஒரு சாவியில் பிரேக். அதன் விசேஷம், யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்ப் பாதையை அதில் எழுதிச் சேர்க்கலாம். அன்று நான் நுழைந்தபோது திரையில் மஞ்சள் பலகை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லல் என்று எழுதியிருந்தது.

“என்ன தம்பி இது?”

“நம்ம மீட்டர் கேஜ் லயன் ஐயா. கல்லல்லருந்து சிவகங்கை வரைக்கும் ஒரு வருசமா எழுதுறேன். பொஞ்சாதி திட்டுது, நீ ரயிலுக்கே வாக்கப்பட்டுப் போன்னு.”

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவிக்குக் காட்டலாமா என்று அப்போதே கேட்டேன். முதலில் தயங்கினார், பிறகு நாள் வாடகை எழுபத்தைந்து ரூபாய் என்று ஒத்துக்கொண்டார். 26ஆம் தேதி ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கட்டிலின் எதிரே ஸ்டூல் போட்டு வைத்தோம். அவர் ஓட்டிக் காட்டி, எனக்கும் சாவிகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“பொம்மை ரயிலு பாக்குற வயசா எனக்கு?” என்று கேட்டவள், கல்லல் ஸ்டேஷனின் வேப்பமரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். பனங்குடி தாண்டியதும், “இடது பக்கமா வாரீகளா, எனக்கு மறைக்குது” என்று என்னை நகரச் சொன்னாள். ரயில்வே கேட் வந்தது. தலையணையிலிருந்து தானாகவே எழுந்தாள். நாற்பது நாளாக யாரும் தாங்காமல் எழுந்ததில்லை. மதில் தொடங்க வேண்டிய இடத்தில் பனைமரம் வந்தது. இன்னொரு பனைமரம். ஒரே மாதிரியான பதினாறு பனைமரங்கள். பிறகு சிவகங்கை ஸ்டேஷன்.

“எங்க?” என்றாள். நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவளையும் எடுத்துட்டாகளா?”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று ஒரு கரண்டிகூட இறங்கவில்லை. மறுநாள் தண்ணீர் மட்டும். அவளை நானே என் கையால் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினேன்.

“தம்பி, கேட்டுக்கு அங்குட்டு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்குமே?”

“இருக்கு ஐயா. நாந்தான் வேணும்னே விட்டேன். பனைமரம் நட்டு மறைச்சுட்டேன்.”

“ஏன்?”

“வீட்டுல மாசமா இருக்கா. ஏழாவது மாசம். பொணத்துக்குப் பின்னால போகக் கூடாது, குழி வெட்டுற எடத்துல நிக்கக் கூடாதுன்னு எங்கம்மா நித்தம் ஓதுது. நான் ஒக்காந்து கல்லறை கட்டலாமா?”

“நெசக் கல்லறையா தம்பி? வெறும் எழுத்துதானே?”

“வெறும் எழுத்துன்னா, அந்தம்மா ஏன் ஐயா பட்டினி கெடக்காக?”

அங்கே இருப்பது யார் என்று சொன்னேன். நாற்பத்தொரு நாள் என்றதும் அவர் இரண்டு கைகளையும் நீட்டி என்னைத் தடுத்தார்.

“சொல்லாதீக ஐயா. இப்பச் சொல்லாதீக.” பிறகு கைகளை இறக்கிக்கொண்டு, “நான் தொட மாட்டேன். வழி சொல்றேன், நீங்க கட்டிக்கங்க” என்றார்.

வழி இதுதான். பாதை முழுவதும் ஒரே ஒரு எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. கல்லலிலிருந்து எத்தனையாவது மீட்டர், தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரம். இடது பக்கம் என்றால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி. தணிக்கை அலுவலகத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் எண்களோடு இருந்தவனுக்கு அது புரிந்தது. அளவுதான் தெரியவில்லை. 29ஆம் தேதி டீச்சரை அவளருகே உட்கார வைத்துவிட்டு, பேங்குக்குப் போவதாகப் பொய் சொல்லி, தனியாகச் சிவகங்கைக்கு ரயிலேறினேன். கேட்டிலிருந்து ஒன்பதாவது தந்திக் கம்பத்தில் மதில் தொடங்குகிறது. பதினாறாவதில் முடிகிறது. உள்ளே புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி நடந்து போய்ப் பார்க்க ஆசைதான்; பேங்குக்குப் போனவன் அவ்வளவு நேரம் தங்க முடியாது. அடுத்த வண்டி மாலையில்தான் என்பதால் ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பினேன்.

மதிலுக்கு அவரிடம் ஏற்கெனவே குட்ஸ் ஷெட்டுக்காக வரைந்த சுவர் இருந்தது. கல்லறைக்குப் பிளாட்பார பெஞ்சை எடுத்துக்கொள்ளச் சொன்னார்; நாற்பது போட்டேன். சிலுவைக்கு இரண்டு சிக்னல் கம்பங்கள், ஒன்றைப் படுக்கவைத்து. எல்லாம் ரயில்வேச் சாமான்தான். முதல் முறை மதில் தண்டவாளத்தின் குறுக்கே எழும்பியது. வண்டி அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. இரண்டாம் முறை, கழித்தல் குறியை மறந்து எல்லாவற்றையும் வலது பக்கம் கட்டினேன். மூன்றாம் முறை, உயரத்தில் புள்ளியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. நாற்பது கல்லறைகளும் பனைமர உச்சிக்கு மேலே ஆகாயத்தில் வரிசையாகத் தொங்கின. தலையில் அடித்துக்கொண்டேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

“எல்லாரும் உயிர்த்தெழுந்துட்டாகளாக்கும்?”

திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு மூச்சை இழுத்தது, இருமினாள். முதுகைத் தடவினேன். எத்தனை எலும்பு கையில் தட்டுப்பட்டது என்று அன்று நான் எண்ணவில்லை.

நவம்பர் இரண்டு, காலை. டீச்சர் தலை வாரிவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்தோம். கல்லலில் வண்டியை எடுத்தேன். மதில் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“அங்கன ஸ்டேஷன் இல்லையே, எந்த வண்டியும் நிக்காதே.”

“டிரைவர் நீங்கதானே? நிப்பாட்டுங்க.”

பிரேக்கைத் தாமதமாகப் போட்டேன். மதில் முழுவதும் கடந்துபோய் வண்டி நின்றது. பின்னால் எடுக்க எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் கல்லல், மறுபடியும் அரை மணி. நாற்காலியில் அவள் சரியத் தொடங்கியிருந்தாள். மருத்துவர் கால் மணி நேரம்தான் உட்காரலாம் என்றிருந்தார். திரையில் பனங்குடி வந்தபோது மின்சாரம் போயிற்று. நான் அழுததை டீச்சர் பார்த்தார். மின்சாரம் வந்ததும் மூன்றாம் முறை எடுத்தேன். கேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கம்பம் கம்பமாக ஊர்ந்து, பதினோராவது கம்பத்தில் நிறுத்தினேன்.

நெடுநேரம் பார்த்தாள். நாற்பதும் ஒரே பெஞ்சின் நகல்கள். ஆனாலும் விரலை நீட்டி ஒன்றைக் காட்டினாள். ஸ்டூலின் ஓரத்தில் மெழுகுதிரியை ஏற்றச் சொன்னாள். ஜெபம் சொல்லி முடித்து, என் பக்கம் திரும்பினாள்.

“அவ பக்கத்துல எடம் இருக்கும் போலயே.”

“அது நான் விட்ட இடைவெளி.”

“நெசத்துலயும் இருக்கு. சாமியாரக் கேட்டு வச்சுருங்க. என்னைய இங்குட்டு வச்சுராதீக. இனிமே வருசா வருசம் டிக்கெட் எடுக்க என்னால ஆகாது.”

அன்று ஐந்து கரண்டிக் கஞ்சி குடித்தாள். அது அவளுக்குத் தெம்பு வந்ததற்கு அடையாளம் என்று நம்பினேன். மறுநாளும் நம்பினேன். நவம்பர் 17, புதன்கிழமை விடியற்காலை அவள் போய்விட்டாள்.

சிவகங்கைப் பங்குச் சாமியார் இடம் இருக்கிறது என்றார். வேனில் கொண்டுபோனோம். குலுக்கலுக்கு அஞ்ச வேண்டியதில்லாததால் டிரைவர் வேகமாகவே ஓட்டினார். நான்தான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெருமுனையைக் கடந்தபோது கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. அவர் வெளியே வரவில்லை. வரக் கூடாது என்று எனக்கும் தெரியும்.

கம்ப்யூட்டர் வாடகை எட்டு நாளைக்கு அறுநூறு, போகவர ஆட்டோ எண்பது, ரயிலுக்கும் பஸ்ஸுக்குமாக இருபத்திரண்டு, மெழுகுதிரி ஆறு. பெட்டிக்கு இரண்டாயிரத்து இருநூறு, வேனுக்கு ஆயிரத்து நானூறு, கல்லறை இடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, குழி வெட்டியவர்களுக்கு அறுநூறு. ஆக மொத்தம் ஆறாயிரத்து நானூற்று எட்டு ரூபாய்.