கூப்பிட்டால் எழுந்து வரும் புரோகிராம்

சர்வர்லெஸ் புரோகிராம் எழுதுகிற தொழிலில் சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, மற்ற எல்லாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக ஜீவன்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதி ஏதோ ஒரு கிளவுட் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவோம். யாராவது கூப்பிட்டால் அது எழுந்து வேலை செய்யும், மற்ற நேரம் தூங்கும். கேளம்பாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் நானும் திலீப்பும் இதைத்தான் செய்கிறோம். இது நடந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாடிக்கையாளர்.

எங்கே இருக்கிறது?

அந்த ஒருவர் அச்சரப்பாக்கத்து ஏழுமலை அண்ணன். ஐந்து நெல் அறுவடை மெஷின்கள் வைத்திருக்கிறார். விவசாயிகள் போனில் கூப்பிடுவார்கள், அவர் நோட்டில் எழுதிக்கொண்டு டிரைவர்களை அனுப்புவார். இனி எங்கள் புரோகிராம் போனை எடுக்கும், ஊரையும் ஏக்கரையும் கேட்டுக்கொள்ளும், டிரைவருக்கு மெசேஜ் அனுப்பும்.

எதை வாங்கினாலும் குனிந்து அடியில் பார்த்து வாங்குகிறவர் அண்ணன். "இத்த எங்க வெச்சிகீறீங்க? நான் வந்து பாக்கணும்" என்றார். பார்க்க ஒன்றும் இல்லை, கூப்பிட்டால்தான் எழுந்து வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் போய்விட்டால் நாங்கள் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். அவர் அசரவே இல்லை.

"என் டிரைவருங்களும் அப்டித்தாம்மா. இந்த அறுப்புக்கு ஓட்டிப் பாக்கறேன், சரிப்படலன்னா நோட்டுக்கே போயிடுவேன்."

முதல் போன்

என் லேப்டாப்பில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. மேலே ஏற்றிய பிறகு, காலையில் முதலில் கூப்பிடுகிறவருக்கு மட்டும் சில விநாடிகள் மயான அமைதி. தூங்கிய புரோகிராம் எழுந்து முகம் கழுவ வேண்டாமா? லைன் செத்துவிட்டது என்று விவசாயி போனை வைத்துவிடுவார். அண்ணனிடம் மறைக்காமல் சொல்லி, சரிசெய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன்.

"நாஸ்தாக்கு முன்னாடி தினம் நானே ஒரு போன் போட்டு எழுப்பி வுட்டுடறேன். நீ மத்தத பாரு."

ஒரு வயல், இரண்டு மெஷின்

எந்த மெசேஜையும் ஒரு தடவையாவது கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று கிளவுட் கம்பெனியின் கையேட்டில் இருந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். சில சமயம் இரண்டு தடவையும் வரும், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

ஒருநாள் ஒரே பதிவு இரண்டு டிரைவர்களுக்குப் போய், ஒரு ஏக்கர் வயலில் இரண்டு மெஷின்கள் எதிரும் புதிருமாக நின்றன. அதில் ஒன்று பக்கத்து ஊர் கன்னியம்மாவின் வயலுக்குப் போக வேண்டியது. சாக்கும் டிராக்டருமாக அவர் பொழுது சாயும் வரை காத்திருந்தார். அண்ணனிடம் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

"அங்க ரெண்டு மெஷின் நின்னுகினு கீது, இங்க நான் ஒத்தையா நின்னுகினு கீறேன். எம் பயிருக்கு இன்னா பதில் சொல்லப் போற?"

அனுமதி இல்லை

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். எழுதப் பத்து நிமிடம் ஆனது. ஏற்றினால், 'அனுமதி இல்லை' என்றது. அந்த எண்களைக் குறித்துவைக்கும் எங்கள் பதிவேட்டைத் திறக்க எங்கள் புரோகிராமுக்கே அனுமதி இல்லையாம்.

ஒரு வரியை மாற்று, ஏற்று, காத்திரு, நடந்ததையெல்லாம் புரோகிராம் எழுதிவைக்கும் லாகைப் படி. லாகில் மணி வேறு நம் ஊருக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில், நாளை மறுநாள் மழை என்று செய்தி வந்தது. பதினேழாவது தடவை ஏற்றியபோதுதான் ஓடியது. திருப்போரூர்க்காரரான திலீப் அதற்கு முந்தின தடவையே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மண்டபத்து வாசல்ல கல்யாணப் பொண்ணயே உள்ள வுடாம நிக்க வெச்ச மாதிரி கீது."

மழைக்கு முந்தின நாள்

மறுநாள் காலையில் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டது. நோட்டுக் காலத்தில் லைன் கிடைத்தவருக்கு மெஷின், கிடைக்காதவருக்கு மழை. இப்போது எத்தனை போன் வந்ததோ அத்தனை புரோகிராம்கள் எழுந்து நின்று பதில் சொல்லின. இதற்காகத்தானே இவ்வளவு அவதியும். நானும் திலீப்பும் லாகைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பதிவுகூட இரண்டாகப் போகவில்லை. கன்னியம்மாவை மட்டும் வரிசையில் முதல் ஆளாக நானே கையால் போட்டிருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் தூறல் விழுந்தபோது கடைசி வயலின் நெல்லும் தார்ப்பாய்க்குள் போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார். அவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு, டைமர் வைத்துவிட்டேன், நாளையிலிருந்து புரோகிராம் தானே எழுந்துகொள்ளும், நீங்கள் எழுப்ப வேண்டாம் என்றேன்.

"நோட்ட பரண்ல போட்டுட்டேம்மா. ஆனா எழுப்பறத வுட மாட்டேன், இவ்ளோ வேல செஞ்சதுக்கு ஒரு குரல் குடுக்க வாணாமா?"

எதுவும் இரண்டு தடவை நடக்கக்கூடாது என்று பாடுபட்டு எழுதிய எங்கள் புரோகிராம், என் டைமருக்கு ஒரு தடவையும் ஏழுமலை அண்ணனுக்கு ஒரு தடவையுமாகத் தினமும் காலையில் இரண்டு தடவை கண் விழிக்கிறது.