பப்பாளிக்காய் தடவிய கறி

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆறிப்போயிருக்க வேண்டும் என்பார்கள். ஆறவில்லை.

அறுபதுகளின் கடைசி. வேலம்பாளையத்தில் மாமியாரோடு குடியிருந்தோம். கணவர் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். எனக்கு நாலு மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து கணவரின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். வீட்டு மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு போடாமல் அனுப்ப முடியுமா?

கணவர் சாவகாசமாகக் கடைக்குப் போனார். நல்ல கறியெல்லாம் அதற்குள் விற்றுப்போயிருந்தது. அவர் கொண்டுவந்தது முற்றிய ஆட்டின் தொடை, ஒரே நரம்பும் சவ்வும். விரலால் அழுத்திப் பார்த்தேன், செருப்புத் தோல் மாதிரி இருந்தது.

"இது சாயங்காலம் வரைக்கும் வேகாதுங்க" என்றேன்.

அவர் வெளியே போய், கம்பெனி வாட்ச்மேன் வீட்டு மரத்திலிருந்து ஒரு பப்பாளிக்காயைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "இதை அரைச்சுத் தடவி வெச்சா சீக்கிரம் வெந்துருமாம். அந்த வாட்ச்மேன் சொன்னாரு."

பிள்ளைத்தாச்சி பப்பாளிக்காய் தின்றால் கரு தங்காது என்று ஊரெல்லாம் சொல்லும். எனக்கும் பயம்தான். அந்தக் கறியில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். கறியை அம்மிக் குழவியால் தட்டி, கத்தி நுனியால் அங்கங்கே குத்தினேன். காயைத் தோலோடு அரைத்து, உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தடவி மூடி வைத்தேன். கையை மூன்று தடவை கழுவினேன்.

தண்ணீர் எடுக்க உள்ளே வந்த நாத்தனார் அம்மியில் ஒட்டியிருந்த பாலையும் பச்சைத் தோலையும் பார்த்துவிட்டார்.

"அம்மா, இங்க வந்து பாருங்க."

மாமியார் வந்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"கறி வேகறதுக்குங்க அத்தை. அதுல தடவியிருக்கறனுங்க, பாருங்க."

"நாங்க கறி ஆக்குனதே இல்லையா? வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எவளாவது இதைத் தொடுவாளா?"

"உங்க பையந்தானுங்க கொண்டாந்து குடுத்தாரு."

எல்லோரும் வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார்கள். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் கறி மட்டுந்தான் வாங்கியாந்தேன்" என்றார்.

என் பிள்ளையை நானே அழிக்கப் பார்த்தேன் என்று அத்தனை பேர் நம்பினார்கள். அதைத் தடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவரிடம் இருந்தது, ஆனால் அவர் சொல்லவில்லை.

சட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டப் போனார் மாமியார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இது வெந்தாத்தானுங்க நான் சொன்னது நெசம்னு தெரியும்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையை எடுத்துவிட்டார்.

மசாலா அரைத்து, அடுப்பில் ஒரே ஒரு விறகை வைத்து, பொறுமையாக வேகவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குக் கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் கறியைத் தொடவில்லை. கணவர் தலை நிமிராமல் தின்று முடித்தார். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஏன் நான் அந்தக் கறியைத் தொடவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இலை எடுத்ததும் நேராக வாட்ச்மேன் வீட்டுக்குப் போய் அவரைக் கையோடு அழைத்து வந்தேன். மனிதர் ஒன்றும் புரியாமல் வாசலில் நின்றார்.

"காலையில யாருங்க வந்து காய் கேட்டது? சொல்லுங்க."

"இவருதானுங்க வந்தாரு. நாந்தான் பறிச்சுக் குடுத்தேன். ஏனுங்க, ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

மாமியார் சொன்னார்: "சரி, அதுக்கு வெளியாளைக் கூட்டியாந்து ஊட்டு மானத்தை வாங்கோணுமா?"

கணவர் அடுக்களைக்கு வந்தார். "அம்மா அப்படிக் கேட்டதும் பயந்துட்டேன்" என்றார்.

"நானும் பயந்தேனுங்க. எனக்கு யாரிருந்தா?"

மறுநாள் காலை பஸ்ஸில் ஊத்துக்குளியில் இருந்த என் அப்பா வீட்டுக்குப் போய்விட்டேன். ஐந்தாம் மாதம் அவர் வந்து கூப்பிட்டார், போகவில்லை. ஏழாம் மாதம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து, என் அப்பா அம்மா முன்னால், "காய் கொண்டாந்தது நாந்தான், பொய் சொன்னதும் நாந்தான்" என்றார். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் பிறந்தாள், கொழுகொழுவென்று. மூன்று மாதக் குழந்தையோடு திரும்பிப் போனேன், குடும்பமும் நடத்தினேன். அவர் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும், பதில் சொல்லும் முன் அவர் தரையைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.