கூரையைப் பிரித்த மருமகன்

போன மாதம் கலவானைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பிலோமினா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா மகள். அவள் கணவர் அருளப்பன் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. இடது பக்கம் அசையாது. அதட்டல் மட்டும் குறையவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. ஆறு வருஷத்துக்கு முன் நிமல் என்ற சிங்களப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். "அவன் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அத்தான். நிமல் வரவில்லை. ஞாயிறுதோறும் ஸ்டெல்லாவைத் த்ரீவீலரில் கொண்டுவந்து விடுவான். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும்வரை கீழே ரோட்டிலேயே நிற்பான். ஆறு வருஷமாக...

அன்றும் ஞாயிறு. மூன்று நாளாக விடாத மழை. காலையில் நானும் அக்காவும் பைப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால், வீட்டின் பின்சுவர் சரிந்து கிடக்கிறது. முன்கதவு நிலையோடு இறுகிவிட்டது. உள்ளே அத்தான்.

இழுத்தோம், உதைத்தோம். கதவு அசையவில்லை. ஜன்னலில் கம்பி. தோட்டத் தலைவர் ஓடிவந்து எங்களை விலக்கினார்.

"கிட்ட போகாதீங்க. மேல இன்னும் மண்ணு நிக்குது. ஆமிக்குச் சொல்லியாச்சு, வந்துருவாங்க."

"வர்ற வரைக்கும் அவரு இருப்பாருங்களா?" என்று கேட்டாள் அக்கா.

அப்போதுதான் ஸ்டெல்லாவின் அலறல் கேட்டது. அவளுக்குப் பின்னால் நிமல். ரோட்டிலிருந்து ஓடி வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் பீப்பாய் மேல் கால் வைத்து, கூரையில் ஏறிவிட்டான். இரண்டு தோட்டத்துப் பையன்கள் பின்னாலேயே ஏறினார்கள். கிட்டே போகாதீங்க என்ற தலைவர், கயிற்றோடு நாலாவது ஆளாக ஏறினார்.

நான்? குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். பையில் அன்று கோயில் செபக்கூட்டத்தில் நான் பேசவேண்டிய குறிப்பு — 'கஷ்டகாலத்தில் குடும்பம்'.

தகரத்தைப் பெயர்த்ததும் நிமல் உள்ளே குதித்தான். அவன் குரல் கேட்டது. "தாத்தே, பய வென்ன எபா." அப்பா, பயப்படாதீங்க.

பிறகு அத்தானின் குரல். "யாரு... நிமலா?"

"ஓ தாத்தே. என் கழுத்தப் புடிச்சிக்கங்க."

பெட்ஷீட்டில் சுற்றிக் கயிற்றால் கட்டி, மேலே மூவர் இழுக்க, கீழிருந்து நிமல் தூக்க... கூரைக்கு வெளியே அத்தானின் முகம் மழையில் நனைந்தபடி வந்தது.

வேதத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். எத்தனை தடவை கேட்ட கதை. அந்த நால்வரும் அவனுக்கு என்ன உறவு என்று அங்கே சொல்லவேயில்லை — இது அன்றுதான் எனக்கு உறைத்தது. நாம் மட்டும் குடும்பத்துக்கு லிஸ்ட் போட்டு, சிலர் பெயரை அடித்தும் வைத்திருக்கிறோம்.

அத்தானைச் சுமந்து ரோட்டுக்கு இறங்கிய கொஞ்ச நேரத்தில் மிச்ச மண்ணும் வந்தது. அவர் படுத்திருந்த காம்பராவே தெரியவில்லை. அக்கா அந்தச் சேற்றிலேயே முழங்காலில் நின்றாள். எவ்வளவு பெரிய தயவு...

"எங்க வீட்டுக்குப் போவோம்" என்றான் நிமல். அத்தான் மறுக்கவில்லை.

போன வாரம் அங்கே போனேன். முன்னறையில் அத்தானுக்குக் கட்டில். பக்கத்தில் உட்கார்ந்து நிமல் அவருக்கு ஷேவ் செய்துகொண்டிருந்தான்.

"கையாட்டாம வழிச்சு விடு. காதப் போட்டுக் கிழிச்சிராத" என்று அதட்டினார் அத்தான்.

நிமல் சிரித்தான். சொந்தப் பிள்ளையைத்தானே அப்படி அதட்ட முடியும்?