தூக்கச் சொன்னது யாரு?

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டீம். பாய்லர் ஒரு பக்கம் ஆவி விடும், கோபம் வந்தால் இவள் ஒரு பக்கம் ஆவி விடுவாள் என்று இஸ்திரி போடும் பெண்கள் அவள் காதுபடவே கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கு ஆகாத வார்த்தை 'பாவம்' ஒன்றுதான்.

நடக்கப் பழகும் வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் முடக்கிப் போட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தை அவளை விட்டபாடில்லை. "பாவம், அவளை ஏன் விளையாடக் கூப்பிடுறீங்க?" என்றார்கள் தெருவில். "பாவம், இவ படிச்சு என்ன பண்ணப்போறா?" என்றாள் சித்தி. ஒரு 'பாவம்' சொல்லிவிட்டால் போதும், அவள் கையிலிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். போதாததற்கு, கேட்காமல் தூக்குவார்கள். பஸ்ஸில், டாக்டர் வீட்டு வாசலில், முன்பின் தெரியாதவனெல்லாம் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்குவான். மூட்டை தூக்குகிறவன்கூட எங்கே பிடிப்பது என்று ஒரு நிமிஷம் யோசிப்பான்!

"தூக்கணுமா, வேணாமா?" என்று முதன்முதலில் அவளைக் கேட்ட ஆண்பிள்ளை, சலவை மூட்டை ஏற்றிவரும் வேன் டிரைவர். "வேணாம்" என்றாள். "சரி" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

பழைய சூப்பர்வைசர் இடுப்பு வலி என்று படுத்த பிறகு, இரண்டு வருஷமாகக் கூடத்தை நடத்தியது ஸ்டீம்தான். ரத்தக்கறைத் துணி எந்த மெஷினில், குழந்தைகள் வார்டுத் துணி எந்த மெஷினில், யார் இன்றைக்கு வரவில்லை, எந்த இஸ்திரி உருளை மக்கர் பண்ணுகிறது, எல்லாவற்றையும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டே கவனித்தாள். அவள் "போடலாம்" என்று குரல் கொடுத்தால்தான் மெஷின் ஓடும். சூப்பர்வைசரின் அறையோ, இரும்புப் படிக்கட்டுக்கு மேலே கண்ணாடிக்குள் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு மேசை தூசி தின்றுகொண்டிருந்தது.

பதவி காலியானதும் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "உனக்குத்தாம்மா குடுக்கணும்னு நெனச்சேன். ஆனா ரூம் மாடியில இருக்கே. பாவம், நீ எப்படி ஏறுவ?"

"நான் ஏன் சார் ஏறணும்? வேலை கீழதானே நடக்குது? அந்த மேசையை எறக்கிப் போடுங்க."

"அது எப்பவும் மேலதானேம்மா இருக்கு?"

அடேங்கப்பா, என்ன ஒரு காரணம்! பதவி சோடாபுட்டிக்குப் போயிற்று. தடித்த கண்ணாடிக்காரன், நல்லவன்தான், ஆனால் துணி பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் கற்றுக்கொண்டவன். அன்று வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு ஆத்திரம் தீர அழுதாள். "விட்டுடுவியா?" என்று கேட்டான் டிரைவர். "விட்டா நான் மனுஷியா?" என்றாள்.

அடுத்த வாரம் மாற்றுத்திறனாளிகள் தினம். மேனேஜருக்குத் திடீரென்று ஸ்டீம் நினைவு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கூடத்தின் மூலையில் மேடை போட்டு, பேனரில் அவள் படத்தை ஆளுயரத்துக்கு அடித்து, போட்டோக்காரனையும் வரவழைத்திருந்தார். மேடைக்கு நாலைந்து படி. ஒரு சரிவுப் பலகை போடலாமே என்று ஒருத்தனுக்காவது தோன்றியதா? பெயரைக் கூப்பிட்டதும் ஆபீஸ் ஆட்கள் ஓடிவந்து அவளை நாற்காலியோடு அலாக்காகத் தூக்கினார்கள். "விடுங்க! கீழ வைங்க!" என்று கத்தினாள். கைதட்டல் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கேடயத்தைக் கையில் திணித்தார்கள். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றான் போட்டோக்காரன். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"என்னைத் தூக்கச் சொன்னது யாரு? நான் கேட்டேனா? போட்டோவுக்குன்னா என்னைத் தூக்கி மேல வெக்கத் தெரியுது. வேலைக்குன்னா ஒரு மேசையைத் தூக்கிக் கீழ வெக்கத் தெரியலையா? அது எறங்குற வரைக்கும் நானும் எறங்க மாட்டேன். எவனாவது தொட்டா கையைக் கடிச்சிடுவேன்!"

"உணர்ச்சிவசப்படாதேம்மா" என்று மழுப்பினார் மேனேஜர். விழா முடிந்தது, எல்லாரும் போய் மெஷினைப் போடுங்கள் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. "அக்கா 'போடலாம்'னு சொல்லட்டும் சார்" என்றாள் ஓர் இஸ்திரிக்காரி. மெஷின்களுக்குள் துணி அப்படியே கிடந்தது. வாசலில் அடுத்த மூட்டைகளோடு வேன் வேறு வந்து நின்றது.

மேனேஜர் சோடாபுட்டி பக்கம் திரும்பினார். "நீதானேடா சூப்பர்வைசர்? சொல்லு!"

சோடாபுட்டி தலையைச் சொறிந்தான். "நான் சொன்னா யாரு சார் கேப்பாங்க? எனக்கே அக்கா சொன்னாத்தான் கை ஓடும். இது எனக்கு வேணாம் சார், அவங்களுக்கே குடுத்துடுங்க." சொன்னவன் மாடிப்படியில் ஏறினான். இஸ்திரிப் பெண்கள் சிலர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்கள்.

"ஏய்! யாரைக் கேட்டுப் போறீங்க?"

"உங்களைத்தான் சார் கேக்குறேன்" என்றாள் ஸ்டீம் மைக்கில். "எறக்கணுமா, வேணாமா?"

மேனேஜர் நின்றுபோன மெஷின்களைப் பார்த்தார். கேமராவை இன்னும் கண்ணிலிருந்து எடுக்காத போட்டோக்காரனைப் பார்த்தார். "எறக்குங்க" என்றார். "அப்ப சூப்பர்வைசர் யாருன்னும் சொல்லிடுங்க" என்று மைக்கை நீட்டினாள். வேண்டாவெறுப்பாக அதையும் சொன்னார்.

மேசை படிக்கட்டில் டங்கு டங்கென்று இடித்துக்கொண்டு இறங்கியது. ஸ்டீம் நாற்காலியிலிருந்து நழுவி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, மேடைப் படிகளில் தானாகவே ஒவ்வொன்றாக இறங்கினாள். யாரும் கிட்டே போகவில்லை. "நாற்காலியைக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டான் டிரைவர். "கொண்டா" என்றாள்.

மேசைத் தூசியை உள்ளங்கையால் வழித்துவிட்டு, "போடலாம்!" என்று குரல் கொடுத்தாள். மெஷின்கள் ஓடத் தொடங்கின. மேனேஜர் மட்டும் எங்கே போவதென்று தெரியாமல், பேனருக்கு அடியில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

"பாவம், சார் ரொம்ப நேரமா நிக்கிறாரு" என்றாள் ஸ்டீம், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "யாராவது அவரைத் தூக்கி உக்கார வைங்கப்பா."