கணவரின் இலக்கத்தில் ஒரு வீடு

சுனாமியில் கடல் வந்து போன சில மாதங்களில், கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கரையோர ஊர்களில் வீடு இழந்தவர்களைக் கணினியில் பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்துத்தான் புது வீடு கொடுப்பார்கள். டிப்ளோமா முடித்த கையோடு வந்திருந்த எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. தரவுத்தளத்தை நானே வடிவமைத்தேன்.

தரவுத்தளம் என்றால் பெரிய மாயமில்லை. ஓர் அட்டவணை, குடும்பத்துக்கு ஒரு நிரை, பெயர், ஊர், பிள்ளைகள் என்று நிரல்கள். ஒரு நிரையை மற்றதோடு குழப்பாமல் இனங்காட்ட முதன்மைச் சாவி ஒன்று வேண்டும். அது இரண்டு நிரைகளில் ஒன்றாக வரக் கூடாது, வெறுமையாகவும் இருக்கக் கூடாது. குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தை நான் சாவியாக்கினேன். தலைவர் என்றால் கணவர். வகுப்பில் படித்த உதாரணம் அப்படித்தான் இருந்தது.

இரண்டு தரம் பதிய வருகிறவர்களைக் கணினி தானாகவே பிடித்துவிடும். அப்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கொஞ்சம் சத்தமாகவே திருப்பி அனுப்புவேன். வரிசையில் நிற்கிறவர்களுக்கும் பாடமாக இருக்கட்டுமே!

ஒருநாள் சாய்ந்தமருது கடற்கரைப் பக்கமிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். வீடு அடியோடு போயிருந்தது. அவர் சொன்ன கணவரின் இலக்கத்தை அடித்தேன். கணினி ஏற்க மறுத்தது.

“உங்கட குடும்பம் ஏற்கெனவே பதிஞ்சிரிக்கு ராத்தா. ரெண்டு வீடு எடுக்க ஏலாது.”

“இல்ல மகள், நான் இன்டைக்குத்தான் வாறன்.”

பொய் என்றே நினைத்தேன். திரையில் இருந்ததை உரக்க வாசித்தேன். அக்கரைப்பற்று என்றேன், பிள்ளைகள் இரண்டு என்றேன், மனைவியின் பெயரையும் வாசித்தேன். அது இவருடைய பெயர் அல்ல என்பது வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

வரிசையே திரும்பி அவரைப் பார்த்தது. பின்னால் நின்றவர்கள் அவருடைய தெருக்காரர்கள். அவர் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

“அது அவர்ர மத்தக் குடும்பம் மகள். ஒருத்தருக்கும் செல்லாம இருந்தன். ஆனா வீடு அவர்ர இல்ல. என்ட உம்மா எனக்குத் தந்த வீடு.”

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நான் படுத்தெழும்பும் வீடும் வாப்பா எனக்கென்று கட்டியதே. இத்தனையும் தெரிந்துகொண்டு, வீட்டுப் பதிவுக்கு ஆம்பிளையின் இலக்கத்தைச் சாவியாக்கியவள் நான். வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று. “நாளைக்கு வாங்க ராத்தா” என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே அட்டவணையை இரண்டாகப் பிரித்தேன். ஆட்களுக்கு ஒன்று, அதற்கு அவரவர் அடையாள அட்டை இலக்கமே சாவி. வீடுகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் கொடுத்து அதையே முதன்மைச் சாவியாக்கினேன். உரிமையாளர் நிரலில் பெண்ணின் இலக்கத்தைப் போட்டேன். ஓர் அட்டவணையின் சாவி இப்படி இன்னோர் அட்டவணையில் வந்து இரண்டையும் தொடுத்தால் அதற்கு அந்நியச் சாவி என்று பெயர். இதுவும் படித்த பாடம்தான். முதலிலேயே செய்திருக்கலாம்.

மறுநாள் அவர் வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். கதிரையின் நுனியில் அமர்ந்து, தன்னுடைய அடையாள அட்டையை என் பக்கம் தள்ளினார். நான் வாயைத் திறக்குமுன் மேசைமேல் குனிந்தார்.

“இந்தமுறை மெதுவாக் கதைங்க மகள்.”