கீழே போன ரத்தம் மேலே வரும் வழி

சாயங்காலம் செருப்பைக் கழற்றியபோது இடது காலில் மட்டும் வார் அழுத்திய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. வலது காலில் ஒன்றுமில்லை. நாளெல்லாம் நிற்கிறவளுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கும் யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், தயவுசெய்து அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். டாக்டரிடம் போய்விடுங்கள்.

எனக்கு அவிநாசிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்ததிலிருந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரே மேஜைக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா. தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவள். டெய்லராக இருந்து செக்கிங்குக்கு மாறியவள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிது.

அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. டீ நேரத்தில் ஒரு போண்டாவை இரண்டாகப் பிட்டுத் தின்போம். ஸ்டெல்லா சினிமாப் பாட்டை வரி மாற்றிப் பாடுவாள், நான் திருத்துவேன், நான் திருத்தியதும் தப்பாக இருக்கும். சூப்பர்வைசர் முறைத்தால் இரண்டு பேரும் குனிந்து பீஸைத் திருப்பிக்கொண்டே சிரிப்போம். கால் என்று ஒன்று இருப்பதே அப்போதெல்லாம் ஞாபகத்தில் இருந்ததில்லை.

"ஏக்கா, காலு என்ன இப்படி வீங்கிக் கெடக்கு?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான். மறுநாளே மீந்துபோன ரிப் துணியில் (டி-ஷர்ட் கழுத்துக்கு வைக்கும் இழுவைத் துணி) ஒரு பட்டி தைத்துக்கொண்டு வந்து, கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை ஏற்றிவிட்டாள்.

"இறுக்கிப் பிடிச்சா வலி நின்னுரும்க்கா, பாருங்க."

நின்றது மாதிரியும் இருந்தது. மேலே இறுக்கம், கீழே தொளதொளப்பு. அளவு தப்பிய பீஸை ஒரே பார்வையில் ஒதுக்குகிற நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

சில நாட்கள் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாப்ளர் ஸ்கேன் (ஒலியலை கொண்டு ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) எடுத்தார்கள். ஆழ்சிரை ரத்த உறைவு (காலின் உள்ளே ஓடும் சிரையில் ரத்தம் கட்டிப்போவது) என்றார்கள். அதில் ஒரு துணுக்கு உடைந்து, ரத்தத்தோடு பயணம் செய்து நுரையீரலில் அடைத்திருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இதயம் ரத்தத்தைக் கீழ தள்ளி விட்டுடுதுங்க. அதை மறுபடி மேல ஏத்தறதுக்கு உங்க கெண்டைக்கால் சதை வேலை செய்யோணும். நடந்தா அது பிழிஞ்சு பிழிஞ்சு ஏத்தும். சிரைக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்குங்க, ஏறினது இறங்காமப் பாத்துக்கும். நீங்க அசையாம நின்னுட்டே இருக்கறீங்க. பத்தாததுக்கு மேல கட்டு வேற. யாருங்க இதைத் தைச்சுக் குடுத்தது?"

நான் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே நின்றிருந்த ஸ்டெல்லாவின் முகம் வெளிறிப்போனது. விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

டாக்டரம்மா இன்னும் முடிக்கவில்லை. "ஆனா அதுதான் காரணம்னு நினைச்சுக்காதீங்க. பட்டி போடறதுக்கு முன்னாடியே வீங்கிடுச்சுன்னு சொல்றீங்க. அப்பவே கட்டியிருக்கும். நாளெல்லாம் நிக்கறது, தண்ணி குடிக்காம இருக்கறது, எல்லாஞ் சேர்ந்ததுதான்." தண்ணீர் குடித்தால் பாத்ரூமுக்கு ஓட வேண்டும், பீஸ் தேங்கும் என்று எங்கள் மேஜையில் யாருமே வாயை நனைப்பதற்கு மேல் குடித்ததில்லை.

ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி, பிறகு மாத்திரை. ஏற்கெனவே கட்டியதை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்த 'மெல்ல' என்ற சொல்தான் என்னைப் படுத்தியது. அந்த மருந்தால் எங்கே இடித்தாலும் தோலில் நீலம் பாய்ந்தது. புரண்டு படுத்தால் மிச்சமிருப்பதும் கிளம்பி நெஞ்சுக்கு வந்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

அந்தப் பயத்தைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்தவள் ஒருத்திதான். அவள் போனை எடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, பல்லடம் ரோட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

"உடு, மனசு ஆறுனா அவளே வருவா" என்றார் வீட்டுக்காரர்.

வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு, என்னைக் கொல்லப் பார்த்தவள் தான்தான் என்று நினைத்து எங்கேயோ நின்று பீஸ் திருப்பிக்கொண்டிருப்பாள். கோபமாக வந்தது. கால் வலியைவிட அது அதிகம் வலித்தது.

நடக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"நான்தானக்கா ஒங்களுக்கு இப்படிப் பண்ணிட்டேன்."

"ஏங்கண்ணு, டாக்டரம்மா பேசி முடிக்கறதுக்குள்ள ஓடிட்டியே! மொதல்ல வீக்கம், அப்பறந்தான் உன் பட்டி. அதுக்கு முன்னயே கட்டிப்போச்சாம்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதீங்க."

"ஆறுதல் சொல்றதுக்கா இந்தக் காலத் தூக்கிட்டு இத்தன தூரம் வருவேன்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது என்றேன். இரண்டு பேரும் தெருவில் இறங்கினோம்.

முன்பு சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்மெண்ட் தேதிதான் எனக்கு நேரம். இப்போது காலில் கனம் ஏறத் தொடங்கினால் எழுந்து நடக்க நேரமாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு எட்டுக்கும் கெண்டைச் சதை இறுகித் தளர்வது தெரிகிறது. கீழே போன ரத்தம் கொஞ்சங்கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

முனையில் டீக்கடையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டேன்.

"நிக்காதீங்கக்கா, நடங்க!" என்று பதறி ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்துகொண்டே அழுதேன்.