தாய்வீட்டு ஆள்

“கைய எடுங்க. விரல் நசுங்கிரும்.”

மலையாண்டி கம்பிக் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே நின்ற காவல்காரி செந்தாமரை கதவைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு கையில் மகளுடைய போர்வையும் வெந்நீர் பிளாஸ்கும் இருந்தன.

“பிரசவ வார்டுய்யா இது. ஆம்பளைக இங்குட்டு வரக்கூடாதுண்டு எழுதிப் போட்டிருக்குல்ல. படிக்கத் தெரியாதா?”

“தெரியும். கூட ஒரு ஆள் இருக்கணும்னு அதுக்குக் கீழயே எழுதிப் போட்டிருக்கு.”

“பொம்பளை ஆள்.”

“எனக்குப் பொம்பளை ஆள் இல்ல.”

“பிள்ளைக்கு அம்மா எங்க?”

“செத்துப்போயிப் பதினெட்டு வருசமாச்சு. போயிக் கூட்டியாரவா?”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். செந்தாமரை சிரிக்கவில்லை. போர்வையையும் பிளாஸ்கையும் வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

உள்ளே ஏழாம் எண் கட்டிலில் துர்காதேவி தனியாகப் படுத்திருந்தாள். தேதி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. வயிற்றில் நீர் குறைகிறது, இனிமேல் காத்திருக்கக் கூடாது, வலி வர மருந்து வைக்கிறோம் என்று நேற்றுச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று காலை ஏழரை மணிக்கு மருந்து வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்களில் ஒவ்வொருத்திக்கும் ஒரு அம்மாவோ அக்காவோ இருந்தார்கள்.

மலையாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. அமராவதிபுதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவார், தெருத் தெருவாக வால்வு திறப்பார், மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடக்கும் சண்டையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். திருப்பியும் திட்டுவார். மனைவி சிகப்பி மஞ்சள் காமாலையில் போனபோது மகளுக்கு ஆறு வயது. வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம் வாயில் வந்ததைச் சொன்னார். சடை பின்னக் கற்றுக்கொண்டார். பேன் பார்த்தார். மகளுக்கு நாப்கின் வாங்கும்போது கடைக்காரன் தாளில் சுற்றிக் கொடுத்தால், பிரித்துத் தாளை அங்கேயே போட்டுவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். குழாயடியில் அவருக்கு ‘மலையாண்டி ஆத்தா’ என்று பெயர். “ஆத்தா வந்துருச்சுடி, தண்ணி வரும்” என்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

மகள் வயதுக்கு வந்தபோது ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் புகுந்து அவரை வெளியே அனுப்பினார்கள். ஒன்பது நாள் மோட்டார் அறையில் படுத்தார். அப்போதும் கோபம் வரவில்லை. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு நர்சு ரத்தப் பரிசோதனைச் சீட்டுடன் கதவுக்கு வந்தாள். மலையாண்டி அவளைப் பிடித்துக்கொண்டார்.

“மருந்து வச்சு ரெண்டரை மணி நேரம் ஆச்சு. வலி வரலங்கிறா. மத்தியானத்துக்குள்ள பொறந்துருமா?”

“யாரு சொன்னா மத்தியானம்னு?”

“ஊசி போட்டா வலி வந்துருமில்ல?”

“இது ஊசி இல்லங்கய்யா. ஜெல்லு. கர்ப்பப்பை வாயில வைக்கிறது. வாய் இன்னும் கெட்டியா இருக்கு, அது இளகணும். ஆறு மணி நேரம் பாப்போம். இளகலைனா இன்னொண்ணு வைப்போம். அப்புறம் பனிக்குடத்த உடைச்சு விட்டு, குளுக்கோசுல மருந்து கலந்து சொட்டுச் சொட்டா ஏத்துவோம். பெரிய வலி அப்பத்தான். தானா வர்ற வலி மாதிரி மெதுவா ஏறாது. அடுத்தடுத்து வரும்.”

“அப்ப எம்புட்டு நேரம்?”

“இன்னைக்கு ஆகலாம், நாளைக்கும் ஆகலாம். தலைப்பிரசவம். வாய் திறக்கலைனாலோ குழந்தைத் துடிப்பு குறைஞ்சாலோ ஆப்பரேசன்.”

“இத நேத்தே சொன்னா என்ன?”

“கையெழுத்துப் போட்டீங்கள்ல. அதுல எல்லாம் இருக்கே.”

நேற்று இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டி இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார்கள். அவர் போட்டார். கட்டில் கிடைக்காமல் போய்விடும் என்று அவசரப்படுத்தினார்கள்.

“கூட ஒரு பொம்பளை வேணும்ங்கய்யா” என்றாள் நர்சு. “நடக்க வைக்கணும், பாத்ரூமுக்குப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும், வலியெடுத்தா இடுப்பத் தேச்சு விடணும். நாங்க ரெண்டு பேரு, இருபத்தஞ்சு கட்டில். சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

வரச் சொல்ல ஒரு தங்கை இருந்தாள். அனுசுயா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மருத்துவர் குறித்த தேதிக்கு வந்து எட்டு நாள் இருந்தாள். வலி வரவில்லை. லீவு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மலையாண்டியேதான் அவளைப் பேருந்தில் ஏற்றி, “வலி வந்தா போன் போடுறேன், நீ போ” என்று அனுப்பினார். வலி வரும் என்றே நினைத்திருந்தார். வலியை ஒரு நாள் குறித்து வரவழைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. இப்போது போன் போட்டால் அவள் அழுதாள். நாளைச் சாயந்தரம்தான் வர முடியுமாம்.

அடுத்து சம்பந்தி வீட்டுக்குப் போட்டார். மருமகன் பாண்டீஸ்வரன் குவைத்தில் இருந்தான். அவனுடைய அம்மா அக்கம்மாள் திருப்பத்தூரில், வீட்டில்தான் இருந்தாள்.

“தங்கச்சி, ஒரு ஆள் உள்ள இருக்கணுங்கிறாக. நீ வந்தாத் தேவல.”

“நானா? தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்புல்லண்ணே. பொறந்ததும் சொல்லுங்க, சீனி வாங்கிட்டு வந்து பாக்குறோம்.”

“தாய்வீட்ல ஆளில்லத்தா.”

“அதுக்கு? நான் வந்து உக்காந்தா பொண்ணு வீட்ல நாதியில்லண்டு பேசமாட்டாகளா? உங்களுக்குத்தேன் கேவலம். அதோட இன்னைக்குச் செவ்வாக்கெழம. நாளைக்குப் பாப்பம்.”

“வலிக்குத் தெரியுமா, செவ்வா புதனு?”

“வலி வந்துருச்சா?”

“இன்னும் வரல.”

“பெறகென்ன. வரட்டும்” என்று வைத்துவிட்டாள்.

அவர் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். போன் அடித்தது. துர்காதேவி.

“அப்பா, நீ சாப்டியா?”

“நீ சொல்லு.”

“உள்ள கையவிட்டுப் பாத்தாகப்பா. ஒரு வெரல்தான் தெறந்திருக்காம். அடிவயிறு இழுக்குது. தண்ணி குடிக்கணும், பிளாஸ்க எங்கிட்டோ எட்டாத எடத்துல வச்சுட்டாக. பிள்ளைத் துடிப்பு பாக்க வயித்துல பெல்ட்டு கட்டிருக்கு, எந்திரிக்கக் கூடாதாம்.”

“பக்கத்துல கேளு ஆத்தா.”

“எத்தன தடவ கேக்குறது.” என்றவள் உடனே மாற்றிக்கொண்டாள். “ஒண்ணுமில்லப்பா. வச்சிர்றேன்.”

ஒண்ணுமில்லை என்று அவள் சொல்வது எப்போது என்று அவருக்குத் தெரியும். கதவை இரண்டு கையாலும் ஆட்டினார். சத்தம் கேட்டு மருத்துவரே வந்தாள், மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள்.

“நானே இருந்துக்கிறேன் டாக்டரம்மா. அவள நாந்தேன் வளத்தேன். எனக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல.”

“உங்க பொண்ணுக்குச் சரி. மத்த பொண்ணுங்களுக்கு?”

கதவை ஒரு சாண் திறந்து, பார்க்கச் சொல்லாமல் அப்படியே நின்றாள். கட்டில்களுக்கு நடுவே திரை கிடையாது. முதல் கட்டிலில் ஒருத்தி சேலை விலகி முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். மலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டத்தில் தப்பில்லை என்று தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. யாரையாவது அடிக்கலாம் என்றால் அடிக்க ஆளில்லை.

வண்டியை எடுத்தார். எக்ஸெல் வண்டி, நாற்பதுக்கு மேல் போகாது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டித் திருப்பத்தூர் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. சம்பந்தி மாயக்கண்ணன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி, வெயில்ல வாரீக. மோரு சாப்பிடுறீகளா?”

“மோரு வேணாம். தங்கச்சியக் கூப்புடுங்க.”

அக்கம்மாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். “என்னண்ணே, போன்ல சொன்னேன்ல?”

மலையாண்டி தெருவில் நின்றபடியே பேசினார். வீட்டுக்குள் ஏறவில்லை. முப்பது வருடமாக வால்வைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருமுனைக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல்.

“தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்புண்டு சொன்னியே. அந்தத் தாய்வீடு நாந்தேன். நான் ஒருத்தந்தேன். என்னைய உள்ள விடமாட்டேங்கிறாக. உன்னைய விடுவாக, நீ வரமாட்டேங்கிற. உன் வீட்டு வாரிசச் சுமந்துக்கிட்டு அவ ஒரு வாய்த் தண்ணிக்குக் கெஞ்சிக்கிட்டுக் கெடக்கா.”

“மெதுவாப் பேசுங்க.”

“எதுக்கு மெதுவா? ஊரு பேசுமுண்டு சொன்னியே. வந்துருச்சு பாரு ஊரு. பேசச் சொல்லு.”

எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மாடியில் ஒருவர் துணி காயப்போடுவதை நிறுத்தினார். ஒருத்தி வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்: “ஏக்கா, மருமக ஆஸ்பத்திரியிலயா இருக்கா? நீங்க போகலையா?”

அக்கம்மாளின் முகம் கறுத்தது. “ஏய்யா, நீரு மனுசனா? தெருவுல நிண்டு மானத்த வாங்குறீரு.”

“வாங்குவேன். வரலைண்டா சாயந்தரம் வரைக்கும் நிண்டு வாங்குவேன்.”

மாயக்கண்ணன் பேப்பரை நாலாக மடித்தார். “போயிட்டுத்தேன் வாயேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நீங்க சும்மா இருங்க” என்று உள்ளே போனவள், மாற்றுச் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். “இதுல ஏறமாட்டேன். பஸ்ஸுல வாரேன்.”

“வா. நான் பின்னால வாரேன்.”

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவர் பின்னாலேயே வண்டியை விட்டார். நடுவழியில் இறங்கித் திரும்பிவிடுவாள் என்ற சந்தேகம். பிள்ளையார்பட்டியில் பேருந்து நின்றபோது அவரும் நின்றார். இறங்கியவர்களை எண்ணினார். அக்கம்மாள் ஜன்னலோரம் இருந்து அவரைப் பார்த்தாள். “த்தூ” என்று வெளியே துப்பினாள். குன்றக்குடியிலும் நின்றார். அங்கே அவள் அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்து வேகம் எடுத்தபோது வண்டி பின்தங்கியது. கைப்பிடியை முறுக்கிப் புகையை விழுங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்குச் செந்தாமரை கதவைத் திறந்தாள். “யாரும்மா நீங்க, பிள்ளைக்கு?”

“மாமியா” என்றாள் அக்கம்மாள், யாரோ அடித்துக் கேட்டதைப் போல.

இரண்டு மணிக்கு இரண்டாவது தடவை மருந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு துர்காதேவியிடமிருந்து போன் வரவில்லை. மலையாண்டி மூன்று முறை போட்டார். எடுக்கவில்லை. நாலாவது முறை அக்கம்மாள் எடுத்து, “வலியில இருக்கா, சும்மா சும்மா அடிக்காதீக” என்று வைத்துவிட்டாள்.

ஆறு மணிக்குப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. இடது முன்கையில் நாலு நகக்குறி, ஒன்றில் ரத்தம் காய்ந்திருந்தது.

“இந்தாங்க, வெந்நி வாங்கிட்டு வாங்க. உங்க மக பிடிச்ச பிடியப் பாருங்க.”

“எப்பிடி இருக்கா?”

“எப்பிடி இருப்பா? எனக்கு நாலும் வீட்லதேன் பொறந்துச்சு. வலி வரும், போகும், நடுவுல நாம பாட்டுக்கு வேலை பாப்போம். இப்பிடிப் பெல்ட்டப் போட்டு மல்லாத்திப் போட்டு வலிய இழுத்தாந்து நான் பாத்ததில்ல. மருந்து வைக்கணும்னா வைக்கட்டும். எங்குட்டு வலிக்கும், எம்புட்டு நேரம் வலிக்கும்னு அந்தப் பிள்ளைகிட்ட யாராச்சும் சொல்லணுமா வேணாமா? நான் கேட்டேன். கத்தாதம்மாங்கிறா நர்சு. கத்துவேண்டி, நான் மாமியாடின்டேன்.”

“காலைலயே வந்திருக்கலாம்ல.”

“வந்துட்டேன்ல?”

“ஆறு மணி நேரம் தனியாக் கெடந்தா.”

“இப்ப அதத்தேன் பேசணுமாக்கும்.” பிளாஸ்கைக் கம்பி வழியாக நீட்டினாள். “தெருவுல நிண்டு நீரு பேசின பேச்ச நான் மறக்கமாட்டேன். சொல்லிட்டேன்.”

“மறக்க வேணாம்” என்றார் மலையாண்டி. பிளாஸ்கை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

மறுநாள் புதன்கிழமை. காலை ஆறரை மணிக்கு மூன்று விரல் திறந்திருந்தது. ஏழு மணிக்குப் பனிக்குடத்தை உடைத்து, எட்டு மணிக்குச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். பதினொன்று பத்துக்குக் குழந்தையின் துடிப்பு குறைந்தது. சொட்டை நிறுத்திவிட்டு இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். துடிப்பு சரியானதும் மறுபடி ஏற்றினார்கள். ஆபரேசன் வேண்டியிருக்கலாம் என்று மலையாண்டியிடம் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் இரண்டு பக்கமும் படித்துவிட்டுப் போட்டார். ஆபரேசன் தேவைப்படவில்லை. ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது கிராம். துர்காதேவிக்கு ஆறு தையல். அக்கம்மாள் பிரசவ அறைக்குள் கூடவே இருந்தாள். நான்கு மணிக்கு மாயக்கண்ணன் உறவுக்காரர்கள் ஐந்து பேருடன் வந்தார். ஐந்து மணிக்கு ஆண்களைப் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். துர்காதேவி தூங்கிக்கொண்டிருந்தாள். மலையாண்டி எழுப்பவில்லை. ஏழு மணிக்கு அனுசுயா வந்தாள். அக்கம்மாள் அவளிடம் துர்காதேவியின் துணிப்பையைக் கொடுத்துவிட்டு, மலையாண்டியிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போனாள். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புவதாக நர்சு சொன்னாள்.